ஓதாமல் விட்ட வரி

மலைப்பிரசங்கத்தில் தானம், பிரார்த்தனை, உபவாசம் ஆகிய மூன்றையும் பிறர் காணாதவாறு செய்யும்படி இயேசுநாதர் பணிக்கிறார். உபவாசம் இருப்பவன் முகவாட்டத்துடன் திரியக் கூடாது. எண்ணெய் பூசி, முகம் கழுவியிருக்க வேண்டும்.

மத்தேயு நற்செய்தியின் இதே 6-ஆம் அத்தியாயத்தில்தான் அவர் கற்பித்த பிரார்த்தனையும் உள்ளது. அதிலுள்ள விண்ணப்பங்களுள் மன்னிப்பு ஒன்றையே அவர் மறுபடியும் எடுத்து விளக்குகிறார். அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்குக் 'கடன்கள்' என்பது பொருள்; லூக்கா 'பாவங்கள்' என்கிறார். பிறர் தனக்குப் பட்ட கடனைத் தள்ளாதவன் இதை ஓதினால் தனக்கெதிரான தீர்ப்பைத் தானே கேட்டுப் பெறுகிறான்.

எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் பயின்ற ஜான் காசியன், 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'உரையாடல்கள்' என்னும் நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். சபையோர் ஒன்றுகூடி இப்பிரார்த்தனையை ஓதும்போது, சிலர் இந்த வரியை மட்டும் அச்சத்தால் வாய்திறவாமல் விட்டுவிடுவார்களாம். பகையைக் கைவிட மனமில்லை. தம் வாயாலேயே தம்மைக் கட்டிக்கொள்ளவும் துணிவில்லை. வரியின் பொருளைப் புரிந்துகொண்டவர்கள் இவர்களே எனலாம்! ஆயினும் இறைவனிடம் இச்சாமர்த்தியம் செல்லாது என்கிறார் காசியன்.

உபவாசத்தையும் அவர் இதே கண்கொண்டு நோக்குகிறார். அவதூறும் சினமும் பொறாமையும் ஆன்மா உண்ணும் நச்சுணவுகள். அவற்றை உண்டுகொண்டே வயிற்றைக் காயப்போடும் துறவி நோன்பிருப்பவன் அல்லன்.