சுரங்க ரயிலில் 15 வினாடி

அன்புள்ள மாப்பிள்ளை கவினுக்கு,

துபாயிலிருந்து வரும்போது பிஎஸ்5 புரோ வாங்கி வரச் சொல்லியிருந்தாய். இருக்கிற பிஎஸ்5-ஐ விற்றுவிட்டு மீதிக் காசை மாமா போட வேண்டும், அதானே? காசு கிடக்கட்டும், முதலில் இதைக் கேள்.

2018-ல் வந்த ஸ்பைடர்மேன் விளையாட்டில் ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தாவினால், முகமூடியோடு சுரங்க ரயிலில் உட்கார்ந்து வருவானே, ஞாபகமிருக்கிறதா? நாம் சிரித்துக்கொண்டிருக்க, உள்ளே ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்க ஊரைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கும். பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2019-ல் அந்தப் பயணத்தையே ஓட்டிக் காட்டினார். பிஎஸ்4 புரோவில் 15 வினாடி. புதுத் தலைமுறையின் சோதனைப் பெட்டியில் 0.8 வினாடி.

புரோவிலேயே 15 வினாடி என்பதைக் கவனி. சாதா பிஎஸ்4-ன் கிராபிக்ஸ் 1.84 டெராஃப்ளாப்ஸ், 2016-ல் வந்த புரோவில் 4.2. ஆனால் சிபியு அதே ஜாகுவார்தான், கொஞ்சம் முடுக்கிவிட்டிருந்தார்கள். டிஸ்க்கும் சுழல்கிற டிஸ்க்தான். படம் பளிச்சென்று ஆனது, ஆட்டம் மாறவில்லை. மாறவும் முடியாது, எந்த விளையாட்டும் சாதா பிஎஸ்4-லும் ஓடியாக வேண்டுமே. பந்தியில் மெதுவாகச் சாப்பிடுகிறவருக்காக எல்லோரும் இலையை மூடாமல் உட்கார்ந்திருப்போமே, அந்தக் கதை.

தலைமுறை மாறினால்தான் பந்தி எழும். எல்லார் பெட்டியிலும் சுழல்கிற டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் 2021-ல் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டில் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குச் சடாரென்று விழ வைத்தார்கள். 2023-ல் சைபர்பங்க் 2077-க்கு ஃபாண்டம் லிபர்ட்டி வந்தபோது பிஎஸ்4-க்கும் இல்லை, புரோவுக்கும் இல்லை. கூடுதல் காசு கொடுத்துப் புரோ வாங்கியிருந்த நானும் வாசலில்தான் நின்றேன்.

பிஎஸ்5 புரோவும் அதே ஜாதிதான். சிபியு குடும்பம் மாறவில்லை. கிராபிக்ஸ் 45 சதவீதம் வரை வேகம் என்கிறது சோனி. அதைக் குறை சொல்ல மாட்டேன்: கூர்மையா, வினாடிக்கு 60 ஃபிரேமா என்று உன்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விளையாட்டுகள் பலவற்றில் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்து கிடைக்கும். நல்ல 4கே டிவி இருந்தால் கண்ணுக்கே தெரியும். நான் அன்றைக்குப் பிஎஸ்4 புரோவைப் பழைய ஃபுல் ஹெச்டி டிவியில் மாட்டிவிட்டு, வித்தியாசம் எங்கே எங்கே என்று ஒரு மாதம் தேடிய ஆள்.

அதனால் உங்கள் ஹால் டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பு. விளையாட்டு டிஸ்க்குகள் எத்தனை வைத்திருக்கிறாய் என்றும் எண்ணிச் சொல். 699 டாலர் என்று வெளிவந்த அந்தப் பெட்டியில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா