ரிமோட் பட்டனில் பிடிக்கும் வேக்குவம் லிஃப்டர்

டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? சேனல் மாறாது. அவ்வளவுதான். ஆனால் ஐந்தாவது மாடி உயரத்தில் 135 கிலோ கண்ணாடியைப் பிடித்துக் கொண்டிருக்கும் மெஷினின் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால்? கீழே ஆட்கள் நிற்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மெஷின் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

மெஷினின் பெயர் வேக்குவம் லிஃப்டர். கிரேனிலோ பொக்லைன் கையிலோ இதை மாட்டுவார்கள். அடியில் ரப்பர் விளிம்பு வைத்த பேட்கள் இருக்கும். ஜன்னல் கண்ணாடி, கிரானைட் பலகை, கான்கிரீட் ஸ்லாப், இரும்புப் பைப் ஆகியவற்றின் மேல் வைத்துப் பட்டனை அழுத்தினால் பிடித்துக் கொள்ளும். சங்கிலி சுற்ற வேண்டாம், அடியில் கை கொடுக்க வேண்டாம். ஜெர்மனியின் ப்ரோப்ஸ்ட் நிறுவனம் நடைபாதைக் கற்களுக்கும், அமெரிக்காவில் டல்ஸா நகரின் வேக்யுவொர்க்ஸ் நிறுவனம் பெரிய பைப்களுக்கும் இவற்றைத் தயாரிக்கின்றன.

பிடிப்பது எது?

'உறிஞ்சிப் பிடிக்கிறது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் பிடிப்பது வெளியே உள்ள காற்றுதான். கடல் மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோ எடையளவு அழுத்துகிறது. பம்ப் பேடுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால், உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் குறைந்துவிடும். வெளிக் காற்று பொருளைப் பேடோடு சேர்த்து அழுத்தும். 1650களில் மக்டெபர்க் நகரின் ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து உள்ளே இருந்த காற்றை எடுத்தார். குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியாமல் திணறினார்கள். அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது.

இப்போது கால்குலேட்டரைத் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 6 மி.மீ. கண்ணாடி இரண்டு அடுக்கு. 1 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. மொத்தம் 135 கிலோ வருகிறதா? 20 செ.மீ. விட்டமுள்ள பேடின் பரப்பு 314 சதுர செ.மீ. உள்ளே இருக்கும் காற்றில் 60 சதவீதத்தை வெளியேற்றினால் ஒரு பேட் சுமார் 188 கிலோ பிடிக்கும். நான்கு பேட்கள் என்றால் 750 கிலோ.

135 கிலோவுக்கு 750 எதற்கு என்று தோன்றும். ஜன்னலில் பொருத்தக் கண்ணாடியை நிமிர்த்தியாக வேண்டும். நிமிர்த்தியதும் எடை பேடின் மேல் வழுக்கிக் கீழே இறங்கப் பார்க்கும். உராய்வு மட்டுமே அதைத் தடுக்கிறது. உராய்வு எண்ணை 0.5 என்று வைத்தால் 750 பாதியாகிறது, 375. பாதுகாப்புக்காக இரண்டு மடங்கு பலம் வேண்டும் என்பது விதி. எனவே மீண்டும் பாதி, சுமார் 188 கிலோ. கண்ணாடி ஈரமாகவோ தூசியாகவோ இருந்தால் உராய்வு இன்னும் குறையும்.

இதை எக்ஸெல்லில் போட்டுப் பேடின் விட்டத்தை மாற்றிப் பாருங்கள். பிறகு இடத்தை மாற்றுங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்ஸிகோ நகரில் (நம் ஊட்டியும் ஏறத்தாழ அதே உயரம்தான்) காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதே பம்ப், அதே பேட், ஆனால் 188 என்பது 140ஐ ஒட்டி வந்துவிடுகிறது. மெஷினின் மேல் எழுதியுள்ள கிலோ எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

நுண்துளை உள்ள நடைபாதைக் கல் வேறு கதை. அதன் வழியே காற்று கசிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் அதிகக் காற்றை இழுக்கும் புளோயர் வைக்கிறார்கள். புளோயர் நின்றால் பிடி உடனே தளரும். இந்தக் கற்களைத் தரையை ஒட்டியே நகர்த்துவது அதனால்தான்.

ரிமோட்டின் வேலை

டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது. நடுவில் ஆள் நின்றால் தடைபடும். லிஃப்டரின் ரிமோட் ரேடியோ அலையில் வேலை செய்கிறது. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணோடு வரும் கட்டளையை மட்டுமே ரிஸீவர் ஏற்கும். பக்கத்து கிரேனின் ரிமோட்டை அழுத்தினால் உங்கள் கண்ணாடி விழாது.

பிடிக்க ஒரு பட்டன் போதும். விடுவதற்கு இரண்டு செயல்கள் வேண்டும். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும், அல்லது லாக்கை எடுத்துவிட்டு அழுத்த வேண்டும். ஃபைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் 'நிச்சயமாகவா?' என்று கேட்கிறதே, அது போலத்தான். இங்கே ரீசைக்கிள் பின் மட்டும் கிடையாது.

சிக்னல் அறுந்தால்? கிரேன் ரிமோட்டில் சிக்னல் போனால் கிரேன் நின்றுவிட வேண்டும். லிஃப்டரில் அப்படிச் செய்தால் ஆபத்து. பம்ப் நிற்கக் கூடாது, வால்வும் திறக்கக் கூடாது. எனவே 'கட்டளை இல்லை' என்றால் 'பிடித்துக்கொண்டே இரு' என்று பொருள்படும்படி வடிவமைக்கிறார்கள். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் கண்ணாடி அங்கேயே தொங்கும்.

லிஃப்டருக்கே கரண்ட் போனால்? கிணற்று மோட்டாரை நிறுத்திய பிறகும் பைப்பில் தண்ணீரை ஃபுட் வால்வ் தாங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் ஒருவழி வால்வும், வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் டேங்கும் உண்டு. கரண்ட் நின்ற பிறகு 5 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய தரநிலை இ.என். 13155. கட்டட வேலைக்கான லிஃப்டர்களில் இத்தகைய டேங்க் இரண்டு வேண்டும், அல்லது விழாமல் தாங்கும் தனிப் பிடிப்பு வேண்டும். அலாரம் அடித்ததும் பொருளைத் தரைக்கு இறக்கத்தான் அந்த 5 நிமிடம். சார்ஜர் தேட அல்ல.

ரிமோட்டை யார் வைத்திருப்பது? கேபினில் இருக்கும் டிரைவரால் பேடின் விளிம்பையும் கேஜையும் எப்போதும் பார்க்க முடியாது. ஜன்னலருகே நின்று பார்ப்பவர் கையில் கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். அவரும் சுமைக்கு அடியில் நிற்கக் கூடாது. ரிமோட் செத்துவிட்டால் கிரேன் மூலம் கண்ணாடியை இறக்கி, ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டிய பிறகே லிஃப்டரின் உடம்பில் உள்ள கைவால்வைத் திறக்க வேண்டும்.