அளவைக் கோப்பையைத் தேர்ந்தெடுத்தல்: ஓர் இல்லப் பாடம்

கேக், பிஸ்கட், ரொட்டி முதலியவற்றை வீட்டிலேயே ஓவனில் செய்யும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகின்றது. முட்டை சேராத பண்டங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன என்றாலும், என்னென்ன பொருள் சேர்ந்தது என்பதை நாமே அறிந்து உண்பதில் ஒரு நிறைவு உண்டு. சகோதரிகள் சிலர் பிறந்த நாள்களுக்கு கேக் செய்து கொடுத்துச் சிறு வருவாயும் ஈட்டுகின்றனர். அவர்களுக்கு ஒரு கேக் அமுங்கிப் போனால் மாவும் வெண்ணெயும் மட்டுமன்று, ஒரு நாள் உழைப்பும் வாங்குவோரின் நம்பிக்கையும் சேர்ந்து போகின்றன.

சாம்பாரில் உப்புக் குறைந்தால் பிறகு சேர்க்கலாம். ரசம் புளித்தால் நீர் விட்டு விளாவலாம். ஓவனுக்குள் சென்ற கலவையை அவ்வாறு திருத்த இயலாது. முட்டை சேர்ந்த கேக்கில் முட்டை வெப்பத்தால் இறுகிக் கலவைக்குப் பிணைப்பைத் தரும். முட்டையில்லாக் கேக்கில் அவ்வுதவி இல்லை. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து உண்டாக்கும் காற்றை மாவு ஒன்றே தாங்கிப் பிடித்து நிற்க வேண்டும். ஆகவே, மாவுக்கும் ஈரத்துக்கும் உள்ள விகிதம் நமக்கு இன்றியமையாதது. அவ்விகிதத்தைக் காக்கும் கருவியாகிய அளவைக் கோப்பையைப் பார்த்து வாங்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

1. ‘ஒரு கப்’ என்பது எவ்வளவு?

நம் முன்னோர்க்கு 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. இவ்வரிசை பெரியோர்க்கு இன்றும் மனப்பாடம். ‘கப்’ என்னும் அளவையோ நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க வழக்கில் 1 கப் ஏறத்தாழ 237 மி.லி.; அந்நாட்டு உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்தில் 240 மி.லி.; ஆஸ்திரேலியாவில் 250 மி.லி.; ஜப்பானில் 200 மி.லி. நம் ஊர்க் கடைகளில் 240, 250 ஆகிய இரு வகையும் கிடைக்கின்றன. ஆகவே கோப்பையில் ‘1 கப்’ என்று மட்டும் இருந்தால் போதாது, எத்தனை மி.லி. என்பதும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அஃது இல்லாத கோப்பையை வாங்காதிருப்பதே நன்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: 240க்கும் 250க்கும் இடையே உள்ள 10 மி.லி. அத்துணைப் பெரிதா? எல்லாப் பொருளையும் ஒரே தொகுதிக் கோப்பைகளால் அளந்தால் விகிதம் பெரிதும் கெடாது. மாவைப் புதிய கோப்பையாலும் தயிரைக் காபி டம்ளராலும் அளக்கும்போதுதான் தொல்லை நேர்கின்றது. 250 மி.லி. கோப்பையில் மாவும் 200 மி.லி. டம்ளரில் தயிரும் எடுத்தால், தயிர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து போகும். கேக் வறண்டு வெடிக்கும். ஆதலின் 1, ½, ⅓, ¼ ஆகிய நான்கும் ஒன்றனுள் ஒன்று அடங்கும் ஒரே தொகுதியாக வாங்குதல் வேண்டும்.

2. அமைப்பு

உலர்ந்த பொருளுக்குரிய கோப்பை விளிம்பு வரை நிறைத்துத் தலைதட்டி அளப்பதற்கானது. நீர்ப்பொருளுக்குரிய கோப்பையில் அளவுக்கோடு விளிம்புக்குக் கீழே இருக்கும். ஊற்ற மூக்கும் இருக்கும். அதில் மாவைத் தலைதட்ட இயலாது. மாவை அதில் குலுக்கிச் சமன் செய்தால் மாவு இறுகி அளவு மிகுந்துவிடும். எனவே பின்வருவனவற்றைக் கடையிலேயே கவனித்தல் வேண்டும்.

அ) விளிம்பு மேடுபள்ளமின்றி ஒரே மட்டமாக இருத்தல். கோப்பையை மேசைமேல் கவிழ்த்து, விளிம்பின் அடியில் ஒளி தெரிகின்றதா என்று பார்க்கலாம். கைப்பிடி தடுத்தால் மேசையின் ஓரத்தில் கைப்பிடியை வெளியே நீட்டிக் கவிழ்க்கலாம்.

ஆ) கைப்பிடி விளிம்புக்கு மேல் எழாதிருத்தல். எழுந்திருந்தால் கத்தியின் முதுகை விளிம்பின் மேல் முழுவதும் இழுக்க முடியாது.

இ) வெறுங்கோப்பையைக் கீழே வைத்தால் கைப்பிடியின் பாரத்தால் சாயாதிருத்தல். ¼ கப்பில் இக்குறை மிகுதியாகக் காணப்படும்.

ஈ) உட்புறத்தில் மடிப்போ, மாவு ஒட்டும் மூலையோ இல்லாதிருத்தல்.

3. உறுதி

பிளாஸ்டிக் கோப்பை விலை மலிவு. ஆனால் வெந்நீரிலும் அடுப்பின் அருகிலும் நாளடைவில் கோணக்கூடும். அச்சிட்ட எண்களும் தேய்த்துத் தேய்த்து அழிந்துவிடும். எண் அழிந்தபின் ⅓ எது, ¼ எது என்று தடுமாற வேண்டியதுதான். ஆகவே எப்பொருளால் செய்ததாயினும் எண் அச்சிடப்படாமல் பொறிக்கப்பட்டிருத்தல் நலம். கண் மங்கிய எம் போன்ற முதியோர் விரலால் தடவியும் அதனை அறியலாம்.

அலுமினியம் மெல்லியது; எளிதில் ஒடுக்கு விழும். ஒடுக்கு விழுந்த கோப்பை தன் கொள்ளளவில் சிறிது இழந்துவிடுகின்றது. எவர்சில்வரே நீண்ட நாள் உழைக்கும். ‘18/8’ என்னும் குறியீடு 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்தது என்பதைக் காட்டும். இது துருவை நன்கு தாங்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சிலர் கூறுவர். நிக்கல் குறைந்த வேறு சில வகைகளிலும் காந்தம் ஒட்டாது. எனவே அச்சோதனையை மட்டும் நம்புதல் கூடாது. தகட்டின் கனத்தைப் பார்க்க வேண்டும். பக்கங்களை விரல்களால் அழுத்தினால் அமுங்காதிருக்க வேண்டும்.

கோப்பை உடைவது பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்திலேயே. இரண்டு சிறு புள்ளிகளில் மட்டும் பற்றவைத்த கைப்பிடி, இறுகிய சர்க்கரையை அள்ளும்போது வளைந்து கழன்றுவிடும். கோப்பையும் கைப்பிடியும் ஒரே தகட்டால் ஆனவை சிறந்தவை. தறைந்து பொருத்தியதாயின் ஆட்டமின்றி இருத்தல் வேண்டும். உட்புறத்தில் தறையின் தலை புடைத்து, மாவு தங்க இடம் தருதல் கூடாது.

4. வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை

கடைக்காரரின் எடைக்கல்லுக்கும் படிக்கும் அரசு முத்திரை உண்டு. நம் சமையலறைக் கோப்பைக்கு நாமே ஆய்வாளர். ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு வேண்டும். வெறுங்கோப்பையை அதன்மேல் வைத்துத் தராசைச் சுழியாக்குக. பிறகு நீரை விளிம்பு வரை ஊற்றுக. நீர் விளிம்புக்கு மேலும் சற்றுக் குவிந்து நிற்கும் இயல்புடையது; அக்குவிதல் அளவாகாது. கடைசியில் கரண்டியால் சிறிது சிறிதாகச் சேர்த்து, கண்ணை விளிம்பின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து, சமமானதும் நிறுத்துக. நம் ஊர் வெப்பத்தில் 240 மி.லி. நீர் ஏறத்தாழ 239 கிராம் இருக்கும். ஐந்து கிராம் வரை கூடக் குறைய இருப்பின் வீட்டுப் பயனுக்குக் குறையில்லை. பத்துக்கு மேற்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தராசு இல்லாதோர்க்கும் வழியுண்டு. ¼ கப்பால் நான்கு முறையும், ⅓ கப்பால் மூன்று முறையும், ½ கப்பால் இரு முறையும் நீர் ஊற்றினால் 1 கப் சரியாக நிறைதல் வேண்டும். இதனால் தொகுதி தமக்குள் ஒத்திருப்பது விளங்கும்.

5. கையின் அளவு

நல்ல கோப்பை வாங்கிய பின்னும் பாதி வேலை எஞ்சியிருக்கின்றது. மைதாவைச் சலித்தோ கிளறியோ தளர்த்தி, கரண்டியால் கோப்பையில் இட்டுத் தலைதட்டினால் 240 மி.லி. கப்பில் ஏறத்தாழ 120 கிராம் பிடிக்கும். கோப்பையையே டப்பாவில் அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை ஏறக்கூடும். ஒன்றரைக் கப் மைதாவுக்கு வேறுபாடு 45 கிராம். 240க்குப் பதில் 250 மி.லி. கோப்பை எடுத்ததால் ஏறும் மாவோ 7 அல்லது 8 கிராம்தான். ஆகவே கருவியின் பிழையினும் கையின் பிழையே பெரிது.

இதனை உணர்ந்து தலைதட்டிய அளவை வற்புறுத்தியவர் அமெரிக்கச் சமையற்கலை ஆசிரியை ஃபேனி ஃபார்மர். பாஸ்டன் சமையற் பள்ளியின் பெயரால் அவர் 1896இல் வெளியிட்ட நூல், தலைதட்டிய கோப்பையும் கரண்டியுமே அளவு என்பதை இல்லந்தோறும் கொண்டு சென்றது. தலைதட்டிய படிக்கும் குவித்த படிக்கும் வேறுபாடு அறிந்த நமக்கு இது புதிதன்று.

6. ஏட்டில் எழுதுதல்

தாயார் எழுதி வைத்த குறிப்பில் ‘மாவு 2 கப்’ என்றிருக்கும். அவர் அளந்த கப் எதுவென்று அவரிடம் கேட்டறியாவிட்டால், பின்னாளில் அக்குறிப்பு இருந்தும் பயனில்லை. அந்தப் பண்டத்தின் சுவை அவரோடு போய்விடும். ஆகவே ஏட்டின் முதற் பக்கத்தில் ‘எங்கள் கப் 240 மி.லி.’ என்று எழுதுக. ஒவ்வொரு குறிப்பிலும் கப்பின் அருகே கிராமையும் குறித்திடுக. வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் கையாளும் டம்ளரை இன்றே நீரால் நிறைத்து எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் ‘கப்’ என்று வழங்கும் எல்லாப் பாத்திரங்களின் கொள்ளளவையும் நீரால் அளந்து பட்டியல் இடுக.

2. ஒரே கோப்பையில் மைதாவைத் தளர்த்தி ஒரு முறையும், அமுக்கி ஒரு முறையும் அளந்து, இரண்டின் எடையையும் ஒப்பிடுக.

3. முதியோர் ஒருவரின் குறிப்பு ஒன்றைக் கேட்டு, கிராம் அளவில் மாற்றி எழுதி, அவரிடமே காட்டிச் சரிபார்க்க.