மழையில் ஓட என்ன உடுத்தலாம்?

கேள்வி: ஊட்டிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். அதிகாலையில் ஓடுவது பழக்கம். இங்கே குளிரும் மழையும் படுத்துகின்றன. அதிகச் செலவில்லாமல் என்ன உடை வாங்கலாம்?

பதில்: முதலில் பருத்தி பனியனைத் தவிர்க்க வேண்டும். பருத்தி நீரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றும் சேர்ந்தால் நடுக்கம்தான். பாலியஸ்டர் நூல் ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

இதற்குப் பெரிய பிராண்டு அவசியமே இல்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய விளையாட்டு பனியன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உட்புறத் தையலில் இருக்கும் லேபிளைப் புரட்டி, பருத்தி கலக்காததா என்று பார்த்து, உடம்போடு ஒட்டி நிற்கும் முழுக்கை பனியனாக எடுப்பது நல்லது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் அது மேலே போடும் விண்ட்சீட்டருக்குத்தான். உள்துணி இல்லாததாக, மெல்லியதாக, மடித்தால் கைக்குள் அடங்குவதாக இருக்கட்டும். ஸ்கூட்டரில் போகப் போடும் தடித்த ரெயின்கோட் ஓடுவதற்கு ஆகாது. வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நனைந்துவிடும்.

மெல்லிய மேலாடை எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2018 பாஸ்டன் மாரத்தான் கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் நடந்தது. முன்னணி வீரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். மகளிர் பிரிவில் வென்ற டெசிரே லிண்டன் ஜாக்கெட்டைக் கழற்றாமலே ஓடி முடித்தார்.

கண்ணில் மழை விழாமலிருக்க முன்விளிம்புள்ள தொப்பி, கைக்குச் சாதாரண உறை போதும். ஓடி நின்றதும் உடம்பு சட்டென்று குளிரும். மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்.