ஒரு டன் உயிரிகளில் ஒரு கிராம் மருந்து

பத்தாம் வகுப்பு உயிர்த்தொழில்நுட்பவியல் பாடத்தில் இன்சுலினைச் சொல்லிவிட்டு நாம் பெரும்பாலும் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். நான் அதனுடன் கடலிலிருந்து வந்த ஒரு மருந்தின் கதையையும் இரண்டு பாடவேளைகளில் நடத்துகிறேன். விஞ்ஞானி என்றால் தனி அறையில் தனியாகக் கண்டுபிடிப்பவர் என்ற படம் நம் பிள்ளைகள் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதைக் கலைக்க இந்தக் கதை உதவுகிறது.

கரீபியன் கடலோரத்தில் அலையாத்தி மரங்களின் நீரில் மூழ்கிய வேர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டி வாழ்வது எக்டினாசிடியா டர்பினேட்டா. இது அசிடியன் இனத்தைச் சேர்ந்தது. இதன் சாற்றுக்குப் புற்றுநோய் செல்களை எதிர்க்கும் தன்மை உண்டு என்பது 1969இல் தெரியவந்தது. எந்த மூலக்கூறு அந்த வேலையைச் செய்கிறது என்பதை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் ரைன்ஹார்ட் குழுவினர் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை வெளியிட 1990 ஆகிவிட்டது. அதற்குள் இன்னொரு சிக்கல். ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ ஒரு டன் உயிரிகள் வேண்டும்!

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "எல்லாவற்றையும் பிடிப்போம்" என்று ஒருவர் சொல்வார். "பிடித்தால் தீர்ந்துவிடுமே" என்று அடுத்தவர் மறுப்பார். இறால் பண்ணை போல வளர்க்கலாம் என்பார் மூன்றாமவர். வளர்த்தும் பார்த்தார்கள், தேவைக்குப் போதவில்லை. 1996இல் நோபல் பரிசாளர் இ.ஜே. கோரியின் குழு அந்த மூலக்கூறை ஆய்வகத்திலேயே முழுமையாகத் தொகுத்தது. ஆனால் தொழிற்சாலையில் செய்ய முடியாத அளவுக்கு அதில் படிகள் அதிகம். கடைசியில் வழி திறந்தது ஒரு பாக்டீரியாவால். சூடோமோனாஸ் ஃபுளூரசென்ஸ் நொதித்தலில் தரும், அமைப்பில் நெருங்கிய ஒரு பொருளை எடுத்து, ஸ்பெயினின் ஃபார்மாமார் நிறுவனம் சில வேதிப்படிகளில் மருந்தாக மாற்றியது. ட்ரபெக்டெடின் என்ற அந்த மருந்துக்கு, மென்திசுச் சார்கோமா புற்றுநோய்க்காக 2007இல் ஐரோப்பா அனுமதி தந்தது. அசிடியனிலும் அந்த மூலக்கூறை உண்டாக்குவது அதனுள் கூட்டுயிரியாக வாழும் ஒரு பாக்டீரியாதான் என்பதற்குப் பின்னாளில் மரபணுச் சான்றுகள் கிடைத்தன. வகுப்பில் எப்போதும் பெரிய "ஓ!" எழுவது இங்கேதான்.

1969 முதல் 2007 வரை 38 ஆண்டுகள். நோயாளிக்கு அது மிக நீண்ட காலம். கடலுயிரியை அறிந்தவர் ஓரிடம், நுண்ணுயிரியை வளர்ப்பவர் வேறிடம், வேதியியலர் இன்னோரிடம் என்று அறிவு சிதறிக் கிடப்பது இத்தகைய தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். இதைச் சரிசெய்யத்தான் ஐரோப்பாவில் ஆய்வு உட்கட்டமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கிறார்கள். படகு, கடல்நீர்த் தொட்டி, உயிரி வளர்ப்புச் சேமிப்பகம், தரவுத்தளம் போன்றவற்றை வெளி ஆய்வாளர்களுக்கும் திறந்து வைக்கும் அமைப்பே ஆய்வு உட்கட்டமைப்பு. யோசனை பழையது. ஆன்டன் டோர்ன் 1872இல் நேப்பிள்ஸில் தொடங்கிய கடல் ஆய்வு நிலையத்தில் பல நாட்டு அரசுகளும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு மேசைகளை ஆண்டு வாடகைக்கு எடுத்தன. அந்த நிலையமும் பிரான்சின் ரோஸ்கோஃப் நிலையமும் இன்று பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய கடல் உயிரியல் வள மையத்தில் உறுப்புகள். 2015இல் தொடங்கிய எம்ப்ரிக் திட்டம், இத்தகைய கடல் நிலையங்களை நுண்ணுயிரிச் சேமிப்பகங்கள், வேதிப்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகங்கள், உயிரியல் தரவுத்தளங்கள் ஆகியவற்றோடு சேர்த்தது.

சேர்ப்பதில் கடினமானது கருவி அல்ல, குறிப்பு. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஆழத்தில், யார் அனுமதியுடன் எடுத்தது என்று தெரியாத மாதிரி அடுத்த ஆய்வகத்துக்குப் பயன்படாது. இதற்கு நான் வைத்துள்ள செயல்பாடு எளியது. முதல் குழு பள்ளி வளாகத்தில் ஓர் இலையையோ பாசியையோ உறையிலிட்டுக் குறிப்பு எழுதும். இரண்டாம் குழு அதை விவரிக்கும். மூன்றாம் குழு குறிப்பை மட்டும் படித்து, எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பேசக் கூடாது. "மரத்தடி" என்று மட்டும் எழுதிய குழுவை மூன்றாம் குழு சும்மா விடாது!

இரண்டாம் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒரு விவாதத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு நாட்டின் மரபு வளத்தைப் பயன்படுத்தினால் அந்த நாட்டோடு பயனைப் பகிர வேண்டும் என்கிறது 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை. உயிரி ஒரு நாட்டின் கரையில், ஆய்வு இன்னொரு நாட்டில், தொழிற்சாலை மூன்றாவது நாட்டில் என்றால் யாருக்கு எவ்வளவு பங்கு? மாணவர்களையே பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் இதுவரை இரண்டு குழுக்கள் ஒரே கணக்கைத் தந்ததில்லை.