ஜெர்மனியில் அரியர் கிடையாது

“ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே?”

பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நம் பிள்ளைகள் விரும்பும் கார்ல்ஸ்ரூவேயும் ஸ்டுட்கார்ட்டும் அங்கேதான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடும் 11,904 யூரோ (2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை) கட்டணம் அல்ல. மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே வரும் சாப்பாட்டுக் காசு, வாடகைக் காசு.

“பிளஸ் டூ முடித்ததும் நேரே சேர்ந்துவிடலாம்.”

பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் பொதுவாகப் போதாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர்களுக்குப் பொறியியலில் வழி உண்டு. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் முதுநிலையில்தான் அதிகம். இளநிலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்.

“பெயிலானால் என்ன, அரியர் எழுதிக்கொள்ளலாம்.”

ஆளைக் கவிழ்ப்பது இந்த நம்பிக்கைதான். கன்சல்டன்சிக்காரர்கள் இதைப் பற்றி வாய் திறப்பது அரிது. இங்கே இன்டர்னல் மார்க் கைகொடுக்கும். அங்கே பல பாடங்களுக்குச் செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, முழு மதிப்பெண்ணும் அதில். அதற்கும் மாணவரே கெடுவுக்குள் பதிவு செய்ய வேண்டும். யாரும் நினைவூட்ட மாட்டார்கள். மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 தான் மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி.

பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். கட்டாயப் பாடமான தெர்மோடைனமிக்ஸில் மூன்றாம் முறையும் தவறினால், மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் படிப்பு அத்தோடு முடிந்தது. வேறு ஊருக்குப் போய் அதே படிப்பில் சேரவும் பொதுவாக முடியாது. படிப்பை நம்பி வாங்கிய விசாவும் ஆட்டம் காணும்.

“பார்ட் டைம் வேலையிலேயே எல்லாச் செலவையும் சமாளிக்கலாம்.”

ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. தேர்வு மாதத்திலும் ஷிப்டுக்கு ஓடினால் அந்த மூன்று வாய்ப்புகளில் ஒன்று போய்விடும்.

தரவரிசைப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன், சேரப்போகும் படிப்பின் தேர்வு விதிமுறையைப் பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து இறக்கி, எத்தனை வாய்ப்பு என்ற பகுதியை வீட்டில் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.