வற்றாளைக் கூன்வண்டும் வேலியோரத் தாளிக்கொடியும்

பசறைப் பகுதிக் கமக்காரர்களே,

பெரும்போக நெல்லை அறுத்த வயலிலும், மேட்டு நிலத் தோட்டங்களிலும் நீங்கள் வற்றாளை நடுகின்றீர்கள். வேலியிற் படர்ந்து பூக்கும் தாளிக்கொடியும், ஓடைக்கரைக் கங்குன் கீரையும் வற்றாளையின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. புனல்போன்ற அவற்றின் பூவே இவ்வுறவைக் காட்டும். வற்றாளைக்குத் தீங்கு வருவதும் இவ்வுறவின் வழியாகத்தான்.

வற்றாளையின் முதற்பகை கூன்வண்டு. எறும்பை ஒத்த உருவமும், கருநீல உடலும், செந்நிற நடுப்பகுதியும், நீண்ட மூக்கும் உடையது. பெண்வண்டு முதிர்ந்த தண்டின் அடியிலும் கிழங்கிலும் சிறு துளையிட்டு முட்டையிடும். வெளிவரும் வெண்புழு கிழங்கைக் குடைந்து தின்னும். முட்டை வண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். புழு குடைந்த கிழங்கு சிறிதளவே பழுதுற்றாலும் கசந்துவிடும். உண்ணவும் விற்கவும் உதவாது. அதனை மாட்டுக்கும் தீவனமாக இடலாகாது.

இவ்வண்டு மண்ணைத் தோண்டும் வலிமையற்றது. வெடிப்புகளின் வழியாகவே கிழங்கை அடையும். ஊவாவில் ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று வீசி, மண் வெடிக்குங் காலமே சேதம் மிகும் காலமாகும். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. வண்டில்லாத தோட்டத்திலிருந்து, கொடியின் நுனிப்பகுதியில் ஓரடி நீளத் துண்டுகளை வெட்டி நடுக. அடித்தண்டில் முட்டைகள் இருக்கக்கூடும்.

2. நட்டு ஒரு மாதமானதும் வரம்புகளுக்கு மண் அணைக்க. வெடிப்புத் தோன்றுந்தோறும் மூடுக. நீர் கிடைக்குமாயின் மண்ணை ஈரமாக வைத்திருக்க.

3. வேலியிலும் வரப்பிலும் உள்ள தாளிக்கொடிகளை வேரோடு களைக. பயிரில்லாக் காலத்தில் வண்டு அவற்றிலே தங்கி உயிர்வாழும்.

4. கிழங்கு முற்றியவுடன் தாமதியாது அகழ்க. பழுதான கிழங்குகளையும் அடித்தண்டுகளையும் வயலில் விடாது அழித்துவிடுக.

5. ஒரே நிலத்தில் தொடர்ந்து வற்றாளை நடற்க. வயலாயின் அடுத்த போகம் நெல் விதைக்க. தேங்கும் நீர் எஞ்சிய புழுக்களை அழிக்கும். மேட்டு நிலமாயின் போஞ்சி போன்ற வேறு பயிரிடுக.

வண்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும். ஒருவர் மட்டும் துப்புரவு செய்வதாற் பயன் குறைவு; அயலாருடன் கூடிச் செய்தலே நன்று. ஆண்வண்டைக் கவரும் பொறிகளைப் பற்றி உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.